ஏழாம் நம்பர் கால்

அலுமினியப் பாய்மரம், தளத்திலிருந்து முப்பதடி.
உச்சி விளக்கு செத்து மூன்று மாதம் ஆகிறது.
காசிமேட்டில் விசைப்படகுகளின் இடுக்கில்
எங்கள் படகு மட்டும்
அழைக்காத கல்யாணத்தில் நுழைந்தவள் மாதிரி
ஒல்லியாக, ஓரமாக.
‘சைக்கிள யாரும்மா தண்ணில வுட்டது’
என்று ஐஸ் வண்டிக்காரர் கேட்டுவிட்டுப் போனார்.

பாதிப் பணம் என்னுடையது, பாதி யூனிஸுடையது.
எண்ணூர் துறைமுகத்தில் நான் கிரேன் ஓட்டுகிறேன்.
லிஃப்ட் பழுதான நாட்களில் நாற்பது மீட்டர் ஏணி,
இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் பாதி பன்.
அவள் தண்டையார்பேட்டையில் ரத்தம் சோதிக்கும் லேபில் வேலை.
மொட்டைமாடியில் துணி காயப்போட்டாலும்
கைப்பிடிச் சுவர் பக்கம் போகமாட்டாள்.

ஏறப்போவது நான்.
படி வாங்குவதும் நான்தான் என்று
கல்மண்டபம் ரோட்டில் இத்ரீஸ் கடைக்குப் போனேன்.
அவளும் கூட வந்தாள், சும்மா.

மூன்று தினுசு எடுத்து வைத்தார்.
முதலாவது மடங்கும் படி:
வேண்டாதபோது மரத்தோடு ஒட்டிக்கொள்ளும்,
கயிறு சிக்காது, பார்வைக்கும் லட்சணம்.
அட்வான்ஸ் எடுக்கக் கை பைக்குள் போய்விட்டது.

யூனிஸ் அதைக் கடை ஷட்டர் கம்பத்தில்
வைத்துப் பிடிக்கச் சொன்னாள்.
செருப்பைக் கழற்றினாள், கண்ணை மூடினாள்,
காலால் தேடினாள்.
‘எறங்கும்போது கண்ணு எங்க பாக்கும்?
காலுதான தேடும்?
மூடிக் கெடந்தா, காலுக்கு என்னா கெடைக்கும்?’

இரண்டாவது வெறும் கம்பி.
உள்ளங்காலில் கோடு விழுந்ததைக் காட்டினாள்.

மூன்றாவது முக்கோண வளையம்.
மூன்று பக்கமும் அடைப்பு,
படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும்
கால் வழுக்கி வெளியே போகாது.
ஆனால் அவளுக்கு ஏழாம் நம்பர் கால்,
கட்டைவிரல் பக்கம் எலும்பு புடைத்தது.
பாதியில் நின்றுவிட்டது.
இத்ரீஸ் சிரித்தார்: ‘கொஞ்சம் ஒடுக்கி வைம்மா.’
‘காலு இதான். படிய அகலமா வளை.’

‘ஏறப்போறது நான்டி’ என்றேன்.
‘நீ தண்ணில வுழுந்துட்டன்னா?
அலைக்குள்ள ஒன் தல எங்கன்னு
மேல ஏறிப் பாக்குறது யாரு?’

கடையில் ஃபேன் சத்தம் மட்டும்.
இத்ரீஸ் டேப் எடுத்து அவள் பாதத்தை அளந்தார்,
ஷூவோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை.
பதினெட்டுப் படி. இரண்டு விரல்கடை கூடுதல் அகலம்.

இடைவெளியை அவள் ஃப்ளாட் மாடிப்படியில்
முழங்கால் வலிக்காத உயரம் பார்த்து முடிவு செய்தோம்.
ஒன்று இடம், அடுத்தது வலம்.
கடைசி இரண்டு மட்டும் ஒரே மட்டத்தில்,
இரண்டு காலும் ஊன்றி நிற்க,
விளக்கு நெஞ்சுக்கு நேரே வர.
இரும்பு அலுமினியத்தைத் தின்றுவிடாமல்
ஒவ்வொன்றுக்கு அடியிலும் ஒரு துண்டு லாரி டியூப்.
வளைய முனைகளைக் கோத்து மெல்லிய நைலான் கயிறு,
பாய்க்கயிறு உள்ளே மாட்டாமலிருக்க.
ரிவெட் அடிக்க இரண்டு ஞாயிறு போயிற்று.

மூன்றாம் ஞாயிறு நான் பெல்ட்டை எடுத்தேன்.
அவள் வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

பாயேற்றும் கயிற்றின் ஒரு முனை அவளிடம்,
மறுமுனை வின்ச்சைச் சுற்றி என் கையில்.
நாலு. அஞ்சு. சத்தமாக எண்ணினாள்.
ஒன்பதில் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.
பக்கத்துப் படகில் வலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்
தலை தூக்கினார்கள், எதுவும் சொல்லவில்லை.

கீழே நிற்பது எனக்குப் புதிது.
இத்தனை வருடத்தில் யாருடைய எடையும்
என் உள்ளங்கையில் தொங்கியதில்லை.
கயிறு நடுங்கியது. அவள் என்று நினைத்தேன்.
பார்த்தால் என் கை.

‘இங்க நிக்கலாம்’ என்றாள் மேலிருந்து,
வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் குரலில்.
கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு கண்ணை மூடிக்கொண்டு, காலால் தேடி,
ஒவ்வொன்றாக இறங்கினாள்.

ராத்திரி காற்றில் பதினெட்டும் விசிலடிப்பதாக
விசைப்படகுக்காரர்கள் புகார் சொல்கிறார்கள்.
பல்பு இன்னும் என் சட்டைப் பையில்தான்.