இடப்பக்கம், அடுத்த வியாழன்

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி, ஏழாம் நம்பர் அறை.
கதிரை பின்னால் சாய்ந்தபோது
பஸ்தான் பின்வாங்குகிறதென்று நினைத்து
"வரட்டும், வரட்டும்" என்று
தகரத்தில் தட்டப் பார்த்தது என் கை.

டொக்டர் ஷிஹானா மெல்லிய கம்பி ஒன்றை
பல்லுக்கும் முரசுக்கும் நடுவே இறக்கினார்.
சொல்லச் சொல்ல மிஸ்ஸி எழுதினா:
மூன்று. மூன்று. ஐந்து.
ஆறு, ரத்தம்.
நான்கு. ஏழு, ரத்தம்.

பதினெட்டு வருஷம் கல்முனை - மட்டக்களப்பு றூட்டில்
இலக்கம் சொல்லியே பிழைத்தவன் நான்.
எனக்குள் எத்தனை மில்லிமீற்றர் பள்ளமென்று
இன்னொருவர் சொல்லக் கேட்பது முதல் தடவை.
ஏழுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று
மனம் தன்பாட்டில் சில்லறை பார்த்தது.

"வலிக்காது. அதுதான் இந்த வருத்தத்தின் கெட்டித்தனம்" என்றார்.
காலையில் துப்பினால் சிவப்பு. பிரஷைக் குற்றம் சொன்னேன்.
கடித்த கொய்யாவில் சிவப்பு. கொய்யாவைக் குற்றம் சொன்னேன்.
காசு வாங்கக் குனிந்தால்
ஓந்தாச்சிமடத்து ரீச்சர் ஜன்னல் பக்கம் திரும்புவா,
கடலைப் பார்க்கிறா என்றிருந்தேன்.
அந்தப் பக்கம் மதில்தான்.
வீட்டில் சுகிர்தமலர் ஒன்றும் சொன்னதில்லை.
தன் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டாள்,
ஃபேன் காற்றுக்கு என்று.

விறைப்பு ஊசி. வலப்பக்கம், மேலும் கீழும்.
பிறகு அந்தச் சத்தம்:
தகரத்தில் மணல் உராய்வது போல,
இல்லை, மண்டைக்குள் யாரோ அகப்பட்டு
கதவைச் சுரண்டுவது போல.
முரசுக்கு அடியில், பல்லின் வேரில், நாற்பது நிமிஷம்.
துப்பச் சொன்னார். துப்பினேன்.
உதடு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

பஞ்சில் ஒரு துண்டு காட்டினார்.
தவிட்டு நிறம், ஓரம் கரும்பச்சை,
அரை நெல்லளவு.
பத்து வருஷமாய் டிக்கெட் எடுக்காமல்
பின்சீற்றில் இருந்து வந்தவர் இவர்தான்.

"இனி முரசு இறுகும்.
கரைந்த எலும்பு திரும்பி வராது.
இருக்கிறதைக் காப்பாற்றலாம்."
கையுறையைக் கழற்றிக்கொண்டே
சாதாரணமாகத்தான் சொன்னார்.
இந்தக் கரையில் அந்த வசனத்துக்கு
யாரும் விளக்கம் கேட்பதில்லை.
தலையாட்டிவிட்டு வந்தேன்.

இரண்டரை ட்ரிப்புக்கு ஹயாத்து காக்கா விடவில்லை.
"வாய்தானே விறைச்சிருக்கு, கை இருக்கே, ஏறு."
களுதாவளையில் நாக்கு பாதிவழியில் இறங்கிவிட்டது.
தேற்றாத்தீவு எச்சிலாய் ஒழுகியது.
செட்டிபாளையத்தின் 'பா'வுக்கு
இரண்டு உதடும் வேண்டும்,
என்னிடம் ஒன்றரை.
பஸ் சிரித்தது.
பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று
"செட்டிபாளையம் இறங்கு!" என்று கத்தியது,
கடைசி எழுத்தை நான் இழுப்பது போலவே இழுத்து.
குருக்கள்மடத்துக்கு மரக்கறிக்காரர்.
கிரான்குளத்துக்கு இரண்டு பேர்,
அதில் ஒருவர் ஒரு ஹோல்ட் முந்தி.
காத்தான்குடிக்கு முழு பஸ்ஸும்.
என் முரசு கரைந்தாலும்
அறைய ஆள் இருக்கிறது போல.

இரவு விறைப்பு இறங்கியது.
இப்போதுதான் வலி, புதுசாய்.
உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன்.
நாக்கு பழைய கல்லைத் தேடி
இடுக்கு இடுக்காய்ப் போகிறது.
அது இருந்த இடத்தில் காற்று.
'ஸ' சொன்னால் ஒரு சின்ன விசில்.

"டொக்டர் என்னவாம்?"
"ஏழு."
"என்ன ஏழு?"
வாயைத் திறந்தேன்.
சுகிர்தமலர் போன் வெளிச்சம் அடித்து
கிட்ட வந்து பார்த்தாள்,
மூச்சைப் பிடித்துக்கொண்டுதான்.