நடு வரி

பக்கத்துக்கு இவ்வளவு என்று மாநகரசபை தரும்.
பலகையில் சிங்களம் மேலே, ஆங்கிலம் கீழே,
நடுவில் ஒரு விரற்கடை உயரத்தில் நான்.

இம்முறை பதினொரு பலகைகள்.
தெமட்டகொடையில் கால்வாய் முழங்கை மடக்குகிற இடத்தில்
கல்விப் பூங்கா ஒன்று வரலாமாம்.
வரும் என்றில்லை.
'உத்தேச' என்ற சொல்லை
எல்லாவற்றுக்கும் முன்னால் போடச் சொன்னார்கள்.
உத்தேசப் பூங்கா, உத்தேச மரப்பாலம்,
உத்தேசப் பறவைகள்.

முதல் சிக்கல் 'எல'.
ஓடை என்றால் அடியில் கூழாங்கல் தெரியவேண்டும்.
இதில் தெரிவது யோகட் கோப்பை, ஒற்றைச் செருப்பு,
வெயில் காயும் கபரக்கொய்யாவின் முதுகு.
ஆறு என்றால் களனி கோபித்துக்கொள்ளும்.
கால்வாய் என்று எழுதிக்கொண்டு போனேன்.
கூட்டத்தில் சன்னாசி எழும்பினார்:
"நாங்க கான் எண்டுதான் சொல்லுறது.
இருபத்தாறு வருசம் அதுக்குள்ள இறங்கினவன் நான்."
குறித்துக்கொண்டேன்.
பலகையில் இடம் இருக்கவில்லை.

சஜீவனி நல்ல பெண், கட்டடக்கலைஞர்.
அவருடைய படத்தில் தண்ணீர் நீலம்.
வெள்ளைக் காலுறை போட்ட பிள்ளைகள்
பூதக்கண்ணாடியோடு குனிந்து நிற்கிறார்கள்.
நீலத்தை நான் நீலம் என்றே மொழிபெயர்த்தேன்.
எந்த மொழியிலும் அந்த நீலத்துக்கு மணம் இல்லை.
மண்டபத்தின் யன்னல்களை மட்டும்
யாரோ முன்கூட்டியே சாத்தியிருந்தார்கள்.

குசுமலதா கேட்டது விளக்கு.
பூங்கா வந்தால் விளக்கு வரும்,
என் மகன் பாலத்தடியில் நின்று படிக்கிறான்,
வரட்டும் என்றார் சிங்களத்தில்.
அதைத் தமிழில் சொன்னபோது
ரிஸ்மியா தலையாட்டினார்.
பிறகு அவரே எழும்பினார்.

"எங்கட வீட்டுக்குள்ள தண்ணி வந்திச்சே,
அத எந்தப் பலகையில எழுதுவீங்க?"

எவ்வளவு தண்ணீர் என்று மேடை கேட்டது.
அவர் வாய் திறக்கவில்லை.
கையை நெஞ்சுக்குழியில் கிடையாக வைத்தார்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நாலடி இருக்கும் என்றேன்.
நாலடி என்று எழுதிக்கொண்டார் சஜீவனி.
ரிஸ்மியாவின் கை
இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது,
அதன்மேல் எதையோ
நனையாமல் பிடித்திருப்பதுபோல.

நாற்பத்தொரு வீடுகள் எங்கே போகும்?
"பரிசீலிக்கப்படும்."
எனக்கு மனப்பாடமான சொல்.
தூக்கத்திலும் சிங்களத்திலிருந்து கொண்டுவருவேன்.
யார் பரிசீலிப்பார் என்று கேட்டுப் பிடிக்க
எழுவாய் இல்லாத வாக்கியம்.
நகரம் யோசிக்கிறது என்று வீட்டில் சொன்னேன்.
நகரத்துக்கு நெற்றி எங்கே இருக்கிறது
என்று கேட்டான் என் மகன்.

ஒன்று சொல்லவேண்டும்.
நாலு வருடத்துக்கு முன் அதே பாலத்தடியில்
'குப்பை கொட்டாதீர்' என்று நான் எழுதிக்கொடுத்தது
அச்சில் ஒரு எழுத்து விழுந்து
'குப்பை கொட்டீர்' என்று நின்றது.
இன்னும் நிற்கிறது.
முறைப்பாடு ஒன்றும் இல்லை.
சனம் மட்டும் சொன்னபடி நடக்கிறது.

நடு வரியை யாரும் வாசிப்பதில்லை என்று
அந்தப் பலகைதான் எனக்குப் படிப்பித்தது.

நேற்றிரவு ஒன்பதாம் பலகை:
இங்கு வாழும் உயிரினங்கள்.
நீர்க்காகம், மீன்கொத்தி, நீர்நாய்,
ஜப்பான் மீன், கபரக்கொய்யா என்று
மேலே பதினான்கு, கீழே பதினான்கு.
நடுவில் பதினைந்தாவதாக எழுதினேன்:
மனிதர். நாற்பத்தொரு வீடு.
கான் என்பார்கள். வெள்ளம் நெஞ்சளவு.
எழுத்தின் அளவை இரண்டு புள்ளி குறைத்தேன்,
பெட்டிக்குள் அடங்கியது.

காலை எட்டு இரண்டுக்கு அனுப்பினேன்.
எட்டு ஆறுக்குப் பதில்:
மூன்று மொழிகளும் சரிபார்க்கப்பட்டன.