வானம், பிறகு

பகல் முழுக்க
பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில்
குண்டூசித் தலையிலும் சிறிய திருகாணிகளில்
நொட்டை பார்ப்பது என் வேலை.
கீறல் இருந்தால் இடது தட்டு.
இல்லாவிட்டால் வலது.
இடது தட்டுக்குப் போனவற்றிடம்
ஏன் என்று யாரும் சொல்வதில்லை.

வியாழன் மாலைகளில்
பழைய நகரில் ஒரு நிலவறைக்குப் போகிறேன்.
ஆறு மேசை, ஒரு ஹீட்டர்.
அவரவர் செய்த விளையாட்டை
அவரவர் மடிக்கணினியில் திறந்துவைத்துக்
காத்திருக்கிறார்கள்,
முதல் தடவை சமைத்தவர்கள்
சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்ப்பதுபோல.

ஜோரிஸின் விளையாட்டில் ஒரு வாத்து.
மூடுபனி பிடித்த ஊரில் தபால் கொடுக்கிறது.
எட்டு வீடு, ஒரு பை நிறையக் கடிதம்.
மூன்று குளிர்காலம் பிடித்ததாம்.
பகலில் அவன் பேருந்து ஓட்டுகிறான்.

'நன்றாயிருக்கிறது' என்று சொல்லி
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.
அந்தச் சொல் எனக்குப் பழக்கம்.
விருந்துக்குப் போன வீட்டில்
உப்பில்லாத குழம்புக்குச் சொல்வது.

ஆகவே எழுதிக் கொடுத்தேன்:
மூன்றாம் வீட்டுக் கதவு
இரண்டு தரம் 'குவாக்' சொன்னால்தான் திறக்கிறது.
எனக்கு யார் சொன்னார்கள்?
பதினோரு நிமிடம் அலகால் முட்டினேன்.
கோபம் வந்தது, உன்மேல் அல்ல, வாத்தின்மேல்.
ஆனால் நனைந்ததும் அது வாலை உதறுகிறதே,
அதற்காகவே நாலு தரம்
வேண்டுமென்று ஏரியில் விழுந்தேன்.
ஐந்தாம் வீட்டுக் கடிதம்
என்னை அழவைக்கப் பார்க்கிறது.
பார்க்கிறது என்று தெரிந்துவிட்டதால்
அழுகை வரவில்லை.
கடைசியில் பதக்கம் வேண்டாம்.
தபால் கொடுத்த வாத்துக்கு எதற்குப் பதக்கம்?

ஜோரிஸ் கோப்பையின் விளிம்பை நகத்தால் சுரண்டினான்.
அந்தப் பதக்கம் வரைய
ஒரு மாதம் ஆயிற்று என்றான்.
நான் ஹீட்டரைப் பார்த்தேன்.
கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்:
'எங்கே சலித்தது?'
கேள்வி என்றால் அது.

சலிக்கவில்லை, அதுதான் சிக்கல்.
இரண்டாம் ஆட்டத்தில்
ஆறாம் வீட்டுக்கு நான் போகவேயில்லை.
கை தவறிக் கடிதம் ஒன்று கீழே விழுந்தது.
அதன்மேல் இன்னொன்று நின்றது.
பிறகு கை தவறவில்லை.
இருபத்து மூன்று கடிதம், ஒரு படிக்கட்டு.
வாத்து தத்தித் தத்தி ஏறியது.
கூரைகள் போயின, மணிக்கூண்டு போயிற்று,
மூடுபனியின் முதுகுக்கு மேலே தலை வந்தது.

அங்கே ஒன்றுமில்லை.
வெறும் சாம்பல் நிறம்.
நடுவில், சின்ன எழுத்தில், பிரெஞ்சில்
அவன் தனக்கே எழுதிவைத்திருந்தது:
வானம், பிறகு.

காட்டியதும் காது சிவந்துபோனான்.
'யாரும் அங்கே வரக்கூடாதே!'
அடுத்த மேசை ஆன்றின் எட்டிப் பார்த்தாள்,
அவளும் ஏறினாள்.
தாடிக்காரர் ஒருவர்
மணிக்கூண்டிலிருந்து ஏரிவரை
கடிதத்தாலேயே பாலம் போட்டார்.
ஒன்பது மணிவரை
அந்த ஊரில் ஒருவருக்கும் தபால் கிடைக்கவில்லை.

இதைப் பிழை என்று எழுதுவதா?
பேனாவை மூடினேன், திறந்தேன்.
தொழிற்சாலையில் என்றால் இடது தட்டு,
சந்தேகமேயில்லை.
எழுதினேன்:
கடிதங்களை அடுக்கினால் மேலே ஏறலாம். பிழை.
திருத்தினால் உன்னோடு பேசமாட்டேன்.

'சரி, மேலே என்ன வரைய?' என்றான்.
தெரியாது என்றேன்.
உண்மையிலேயே தெரியாது.

ஞாயிறு. பத்து நாளாய்
நகரத்தின்மேல் நிஜ மூடுபனி.
கம்பி ரயில் பிடித்து மக்லிங்கனுக்கு ஏறினேன்.
பாதி வழியில்
ஜன்னல் கண்ணாடி சட்டென்று மஞ்சளானது.
மேலே வெயில்.
தூரத்தில் பனிமலைகள்
வரிசையாய், கொஞ்சம் மிகையாய்.
குறிப்பேட்டை எடுத்தேன்:
வெளிச்சம் சொல்லாமல் வருகிறது. அப்படியே விடவும்.
மலைகளில் ஒன்றிரண்டைக் குறைக்கலாம்.
பெஞ்ச் ஈரம்.

பூட்டிக் கிடந்த காபிக்கடைக் கதவருகே
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
இரண்டு தரம் 'குவாக்' என்றேன்.

திறக்கவில்லை.
வியாழக்கிழமை ஜோரிஸிடம் சொல்ல வேண்டும்.