நிலுவை

ஹெல்மர்ஸ்டன் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில்
வராக்கடனைத் தள்ளுபடி செய்வது என் வேலை.
பிப்ரவரி. சஸ்காட்செவன். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பழைய பேரேடுகளைக் கணினிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது
ஒரு பக்கத்தின் அடியில் அகப்பட்டது
நாலு டாலர் பதினைந்து சென்ட்.
மைதானத்துப் புழுதிக்குத் தண்ணீர் தெளித்த வகை.
தர வேண்டியது: மேற்குச் சமவெளி பேஸ்பால் லீக், 1921.

எனக்கு பேஸ்பால் தெரியாது.
கிரிக்கெட் தெரிந்தவனுக்கு அது
தெரிந்த ஊரில் தெரியாத தெரு.
ஆனால் கணக்கு தெரியும்.
பேரேட்டோடு சேர்த்துக் கட்டியிருந்த
லீகின் சொந்த நோட்டைப் பிரித்தேன்.

மே பதினெட்டில் தொடங்கி ஜூன் முப்பதில் முடிந்திருக்கிறது.
நாற்பத்து நான்கு நாள்.
லேகியம் சாப்பிட ஒரு மண்டலம்கூட நிறையவில்லை.
நாலு ஊர், நாலு அணி, ஆளுக்கொரு சீருடை;
கார்வால் அணிக்கு மட்டும் இரண்டு குறைந்தது,
முறைவைத்து உடுத்திக்கொண்டார்கள்.
பொருளாளர் ஓஸ்கார் லிண்ட்வால், இரும்புச் சாமான் கடைக்காரர்.
ஆணி எண்ணுகிறவரின் கையெழுத்து:
ஒன்றோடொன்று உரசாமல் நிற்கும்.

பந்து மூன்று டஜன்.
சுண்ணாம்பு இரண்டு மூட்டை.
கோதுமை வயலில் விழுந்த பந்தை மீட்ட பையனுக்கு ஐந்து சென்ட்.
பையன் பெயர் ஸ்டெஃபான் ஹ்ரிட்சுக்.
அதே பெயர், அதே ஐந்து சென்ட், நாற்பத்தொரு தடவை.
வாங்கிய பந்தே முப்பத்தாறுதான்.
லிண்ட்வால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
அடுத்த வரியில் மறுபடி ஐந்து சென்ட்.
அந்த லீகில் லாபம் பார்த்தவன் அவன் ஒருவன்.

ஜூன் பதினொன்றிலிருந்து எழுத்து சாய்கிறது.
கோதுமை விலை விழுந்துவிட்டது.
முன்பு டிக்கெட் எடுத்தவர்கள்
வேலிக்கு வெளியே வண்டிமேல் ஏறி நின்று பார்க்கிறார்கள்.
கைதட்டல் குறையவில்லை, கல்லாவில்தான் சத்தமில்லை.
வெட்டுக்கிளியும் வந்தது. அதுவும் டிக்கெட் எடுக்கவில்லை.

முப்பதாம் தேதி ரயிலில் கார்வால் அணி வந்து இறங்கியபோது
நிலைய அதிகாரி ஒரு தந்தியை நீட்டினார்:
லீக் கலைக்கப்பட்டது. ஆட்டம் இல்லை.
திரும்பிப்போகக் காசில்லை என்பது தந்தியில் இல்லை,
அது தானாகப் புரிந்தது.
ஆடினார்கள்.
வேறென்ன செய்வது, மட்டை கையில் இருக்கிறது,
வெளிச்சம் ஒன்பதரை வரை இருக்கிறது.
தொப்பி சுற்றி வந்ததில் பதினோரு டாலர் சேர்ந்தது.

ஏழாம் இன்னிங்ஸ். ஐந்துக்கு ஐந்து.
நடுவர் ஆம்ப்ரோஸ் கீல், மூன்று வாரச் சம்பளம் பாக்கி,
குனிந்தார், புழுதியைத் துடைத்தார்,
ஹோம் பிளேட்டைப் பெயர்த்துக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நடந்தே போய்விட்டார்.

மூன்றாம் தளத்தில் ஆன்ட்வான் லாஃபோன்டேன்.
அறம் தாண்டி, பொருள் தாண்டி,
இன்பத்தில் ஒரு கால் வைத்து நிற்கிறான்.
வீட்டை யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள்.
நோட்டின் கடைசி வரி:
'லாஃபோன்டேன் மூன்றாம் தளத்தில். மேற்கொண்டு தகவல் இல்லை.'

கணினி என்னிடம் காரணம் கேட்கிறது.
இறந்துவிட்டார். ஊரைவிட்டுப் போய்விட்டார். திவால். மற்றவை.
மற்றவையைத் தொட்டால் ஒரு பெட்டி திறக்கிறது,
எண்பது எழுத்துக்கு இடம்.
ஆட்டம் முடியவில்லை என்று அடித்தேன்.
முடியாத ஆட்டத்தின் கடன் எப்படி வராக்கடனாகும்?
அடித்ததை அழித்துவிட்டு
'அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்க' என்பதை அழுத்தினேன்.
மேலாளர் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மைதானத்துக்கு நாங்கள் இன்றைக்கும் தண்ணீர் விடுகிறோம்,
இரவில், குழாய் வைத்து, உறையட்டும் என்று.
விடிந்ததும் பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.
யாருக்கும் பில் அனுப்புவதில்லை.