ஐம்பது சொற்கள்

நோவி சாதில் எங்கள் கட்டிடத்துக்கு
பாய்லர் பார்ப்பவன் ஸ்லாட்கோ.
வெள்ளைக் கோட்டில் அவன் நின்றது
மொத்தம் நாற்பது நிமிடம்.
கோட்டு என் தங்கையுடையது. பல் மருத்துவம் படிக்கிறாள்.
தோளில் இறுக்கியது; முதுகில் பிரித்து
துணி க்ளிப் நான்கு போட்டேன்.
முன்னாலிருந்து தெரியாது.

நகத்தடியில் கரி.
எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
அன்றிரவு திரையில்
பத்து விரலுக்கும் உட்கார்ந்து அழித்தேன்.

சிரிப்புதான் வரவில்லை அவனுக்கு.
"மூன்றாம் மாடியில் மறுபடி ஒழுகுகிறதாம்" என்றேன்.
வெடித்துச் சிரித்தான்.
அதுதான் விற்கிறது.

டான்யூபின் மேல் மூடுபனி கிழியும் ஒரு கணத்துக்காக
பதினோரு விடியல் பாலத்தடியில் நின்றிருக்கிறேன்.
கூர்மை போதவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.
வெள்ளைப் பின்னணியில் பாதி வெட்டிய வெங்காயம்
வருஷத்தில் ஒரு மாத வாடகையைக் கட்டுகிறது.
வெங்காயத்தின் மேல் எனக்குக் கோபமில்லை.

படத்துக்கு ஐம்பது சொல் தரலாம்,
அதற்கு மேல் பெட்டி வாங்காது.
மருத்துவர், ஆண், நடுவயது, கனிவு,
நம்பிக்கை, ஸ்டெதஸ்கோப், ஒருவர் மட்டும்
நாற்பத்து மூன்றில் முட்டிக்கொண்டு
'பற்கள்' என்றுகூடப் போட்டேன்.

ஒரு தரவிறக்கத்துக்கு முப்பத்தொரு சென்ட்.
பெருவில் காப்பீடு விற்கிறான் ஸ்லாட்கோ,
ஃபின்லாந்தில் முதுகுவலிக்குக் களிம்பு.
கண்ணில் பட்டதையெல்லாம் அவனுக்குக் காட்டுவேன்.
"அங்கே நல்ல குளிராச்சே,
என்ன பாய்லர் வைத்திருப்பார்கள்?" என்பான்.

போன பிப்ரவரியில் ஒரு ராத்திரி
அவன் மகள் துன்யாவுக்குக் காய்ச்சல் நாற்பதைத் தொட்டது.
டாக்ஸி பிடித்துக் குழந்தைகள் மருத்துவமனை.
நடைவழிச் சுவரில் ஆளுயரத்துக்கு
அவனே,
துடைத்த விரல்களோடு.
கீழே தடித்த எழுத்தில்: நாங்கள் இருக்கிறோம்.

எந்த மருந்து, எத்தனை மில்லி,
கால் ஏன் இப்படி உதறுகிறது,
ஒன்றும் தெரியாமல் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.
பெஞ்சில் இருந்தவள் சுவரைப் பார்த்தாள்,
அவனைப் பார்த்தாள்,
தன் பையனை வாரித் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தாள்.
"டாக்டர்."

வாய் வரவில்லையாம்.
துன்யாவைத் தோளுக்கு மாற்றிவிட்டு
ஒரு கையை மட்டும் விரித்துக் காட்டினானாம்,
நகத்தடியை.
அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப்
போய் உட்கார்ந்தாளாம்.

அப்புறம் வந்த டாக்டர் ஒரு பெண்.
தூக்கம் அப்பிய முகம். சிரிக்கவே இல்லை.
விடிவதற்குள் காய்ச்சல் இறங்கியது.

இதைச் சொன்னபோது மூன்றாம் மாடியில்
குழாய்க்கடியில் மல்லாந்து கிடந்தான்.
ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன்.
வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

படத்தை நீக்கவில்லை. வாடகை இருக்கிறது.
சொற்களைத் திறந்து
'நம்பிக்கை'யை எடுத்தேன்.
காலியான இடத்தில்
'பாய்லர் பழுதுபார்ப்பவர்' என்று அடித்தேன்.

இதுவரை யாரும்
அப்படித் தேடி வரவில்லை.