திகதி

ஏழாம் நம்பர் மலையில் காலை ஒன்பதரைக்கு
பதினொரு பேரைக் குளவி கொட்டியது.
ஒன்பது முப்பத்தெட்டுக்கு
டிலுக்ஷனின் போன் நேரலையில் இருந்தது.
கூடைகள் உருள்வதும்
படங்கைத் தலைவரை இழுத்துக்கொண்டு பெண்கள் ஓடுவதும்
'போனை வச்சிட்டு வந்து தூக்குடா' என்று
யாரோ கத்துவதும் கேட்டது.
கீழே ஒரு வரி:
இருவர் பலி.

நான் அப்போது நோர்வூட் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன்.
பகுதிநேர நிருபர். அங்குலத்துக்குக் காசு.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகப் போய்
வீங்கிய வாய்களிடம் பெயர் கேட்டேன்.
தகப்பன் பெயரின் முதலெழுத்தும் கேட்டேன்.
ஒருத்தி விரலால் போர்வையில் எழுதிக் காட்டினாள்.
பதினொன்று எழுதினேன்.
பதினொரு பேரும் மூச்சுவிட்டார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில்
கொழும்புக் கட்டு வந்து விழுந்தது.
ஏழாம் பக்கம், டயர் விளம்பரத்துக்கு மேல்
நாலு வரி.
பெயர்கள் இல்லை.
பிழையும் இல்லை.
அதற்குள் அந்த இரண்டு சாவும்
பதினாலாயிரம் தடவை பகிரப்பட்டிருந்தன,
மெழுகுதிரிப் படங்களோடு.

மூன்றாம் நாள் அமராவதி வந்தாள்.
ஒரு கண் இன்னும் திறக்கவில்லை.
'நான் செத்துட்டேன்னு போட்டிருக்காங்க தம்பி.
குவைத்துல மக சோறு திங்காம கெடக்கா.
மேடம் ராத்திரி பத்து நிமிஷம்தான் போன் குடுக்குமாம்.
பேசி அனுப்பினேன், அம்மா கொரல் இல்லங்குறா.
போட்டோ அனுப்பினேன்,
சாவுறதுக்கு முந்தி எடுத்ததுங்குறா.
பேப்பர்ல போடுங்க.
பேப்பர்ல வந்தா நம்புவா.'

கொழும்புக்கு அடித்தேன்.
'நாங்கள் அவரைச் சாகடிக்கவில்லையே,
திருத்தம் எப்படிப் போடுவது?'
நியாயமாகத்தான் இருந்தது.
போனை வைத்த பிறகு
அந்த நியாயத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

டிலுக்ஷனிடம் போனேன்.
'எடுத்துட்டேன் அண்ணே' என்றான்.
எடுத்திருந்தான், தன்னிடம் இருந்ததை.
அவன் கழுத்தில் ஆறு தடிப்புகள்.
போனை வைத்துவிட்டு ஓடிப்போய்
அமராவதியை லொறி வரைக்கும் சுமந்தவனும் அவன்தான்.
யாருடைய நேரலையிலும் அது இல்லை.
என் நாலு வரியிலும் இல்லை.

தேத்தண்ணிக் கடையில் அன்றைய பத்திரிகை வாங்கினேன்.
அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பத்திரிகை.
முதல் பக்கத்தை நெஞ்சோடு சேர்த்து
திகதி தெரியும்படி பிடிக்கச் சொன்னேன்.
டிலுக்ஷன் போனைத் தூக்கினான்.
'வாசிங்கக்கா, வாய் அசையட்டும்.'

அவள் திகதியை வாசித்தாள். கிழமையை வாசித்தாள்.
தடித்த நாக்கோடு
கொட்டை எழுத்துத் தலைப்புக்கு வந்தாள்:
மின்கட்டணம் மீண்டும் உயர்வு.
தாளைக் கீழே இறக்கினாள்.
'ரெண்டு பல்புக்கு எவ்வளவுடா கேப்பீங்க,
நாசமாப் போறவங்களா' என்று தொடங்கி
முழுதாக ஒரு நிமிடம் ஏசினாள்.
டிலுக்ஷன் நிறுத்தவில்லை.
மகளை அவள் மறந்தே போயிருந்தாள்.

இரவு பத்தேகாலுக்குப் பதில் வந்தது:
'பேப்பர் திகதி பாத்தேன் அண்ணே.
ஆனா அதுக்கில்ல.
கரண்ட் பில்லுக்கு இப்படி ஏச
எங்க அம்மாவால மட்டும்தான் முடியும்.'