உள்விளிம்பு

ஒற்றைப்படை வாரங்கள் எனக்கு,
இரட்டைப்படை வாரங்கள் யெர்னேய்க்கு.
இரண்டு சம்பளத்தில் வாங்கிய
இரண்டே இருக்கை உள்ள ஈயநிறக் கார்.

பதினோராயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை,
அதற்குள் முன் டயர்கள்
தேனீப்பெட்டியைத் தட்டியது போல இரைந்தன.
உன் பிரேக்தான் என்றான் அவன்.
நீ வளைக்கிற வளைப்புதான் என்றேன் நான்.
விர்ஷிச் கணவாயில் கொண்டையூசி வளைவு ஐம்பது,
வடக்குப் பக்க வளைவெல்லாம் கல் பாவியது;
ஆளுக்கு இருபத்தைந்தாகப்
பழியைப் பங்கு போட்டிருக்கலாம்.
போடவில்லை.

யெசெனிட்ஸேயில், பழைய எஃகு ஆலைக்குப் பின்னால்,
ஸ்தென்காவின் கடை.
இரண்டு புது டயர்களை எங்கள் முன் உருட்டி நிறுத்தினாள்.
இது மெத்து. ரோட்டைக் கவ்வும்,
ஒரு கோடையில் கரைந்துவிடும்.
இது கெட்டி. மூன்று கோடை உழைக்கும்,
குளிர்ந்த காலையில் முதல் பத்து கிலோமீட்டர்
முகங்கொடுத்துப் பேசாது.
பக்கவாட்டில் ஓர் எண் பொறித்திருந்தது.
எண் பெரிதானால் ஆயுசு பெரிது என்றாள்,
ஆனால் அதைப் பொறித்தவர்கள்
உங்களோடு கணவாய் ஏறிப் பார்த்ததில்லை.

மெத்தென்றான் யெர்னேய்.
கெட்டியென்றேன்.
ஸ்கி லிஃப்ட் மெக்கானிக்குக்கும் மருந்தாளுநருக்கும்
ரப்பரில்கூட ஒத்துப்போகாது.

அவள் கேட்டுக்கொண்டே
பழைய இடது டயரைக் கழற்றினாள்.
வெளிமுகத்தில் இன்னொரு கோடைக்குப் பூ இருந்தது.
திருப்பினாள்.

உள்விளிம்பில்,
வண்டி மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில்,
ரப்பர் தீர்ந்து
கம்பி வெள்ளையாகச் சிரித்தது.

இது யார் காலும் செய்த வேலையில்லை.
எங்கோ முட்டியிருக்கிறது.
சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி
முன்சக்கரம் இரண்டும்
ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம்
முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடியிருக்கின்றன.
இப்படி இழுபட்டால்
கல்லில் செய்த டயரும் தேயும்.

நான் காற்றழுத்த மானியைப் பார்த்தேன்.
அது சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது,
எதையும் அளக்காமல்.

ஏப்ரல். ஒற்றைப்படை வாரம்.
கணவாயில்லை, வளைவில்லை, வேகமில்லை.
லெஸ்ட்ஸேயில் அப்பம் வாங்க நிறுத்தியபோது
ஓரக்கல் ஒரு முட்டு முட்டியது.
இறங்கிப் பார்த்தேன். கீறல்கூட இல்லை.
மறுநாள் முதல்
ஸ்டியரிங்கை இரண்டு விரல் இடப்பக்கம் பிடித்தால்தான்
வண்டி நேராகப் போனது.
நேராகப் போவதற்குக் கோணலாகப் பிடிக்கப்
பழகிக்கொண்டேன்.
மனுஷி எதற்குத்தான் பழகமாட்டாள்.

சக்கரம் திருத்தும் கூலி என்னுடையது என்றேன்.
காது வரை சுட்டது.

இல்லை, என்னுடையது என்றான் யெர்னேய்.
மார்ச் மாதம், மாட்டுத் தடுப்புக் கம்பி மேல்
தடாரென்று ஏற்றிவிட்டேன்.
ஸ்டியரிங் கோணியது நான் செய்தது என்றல்லவா
இத்தனை நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

ஸ்தென்கா பில் புத்தகத்தைப் பிரித்தபடி
ஆளுக்குப் பாதி என்றாள்.
அவள் முகத்தில் சிரிப்பில்லை,
பேனாவில் இருந்தது.

திரையில் சிவப்பு எண்கள்
ஒவ்வொன்றாகப் பச்சையாயின.
கெட்டி டயரே போட்டோம்;
அவன் விட்டுக்கொடுத்தான் என்பதைவிட
அந்த நேரத்தில் அவனுக்கு
வாதாட வாயில்லை என்பதே சரி.
ஞாயிறுதோறும், வண்டி சூடேறும் முன்
காற்றைப் பார்க்க வேண்டும் என்றாள்.
இருவரும் பள்ளிப் பிள்ளைகளாகத் தலையாட்டினோம்.

இரட்டைப்படை வாரம். அவன்தான் ஓட்டினான்.
இரைச்சல் இல்லை.
முதல் முறையாக எஞ்சின் மூச்சு விடுவது கேட்டது.
சாவா ஆற்றை ஒட்டிய நேர்ச்சாலையில்
அவன் கை, தன்னை அறியாமல்,
இரண்டு விரல் இடப்பக்கம் போயிற்று.

திருந்திய வண்டி
சொன்னபடி கேட்டு
நடுக்கோட்டைத் தாண்டப் பார்த்தது.